பெயரில் பிடிவாரண்ட் இருக்கிறதா? இ-கோர்ட்ஸ், கோர்ட் ஆபீஸ், ஸ்டேஷன், ஆர்.டி.ஐ.: எது கைகொடுக்கும்?

அமெரிக்காவில் பல கவுண்டிகளில் ஷெரிஃப் அலுவலகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் நிலுவையிலுள்ள வாரண்ட் விவரம் வந்துவிடும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லை. வாரண்ட்டுக்கென்று பொதுமக்கள் புரட்டிப் பார்க்கக்கூடிய தனிப் பட்டியலும் கிடையாது. இங்கே வாரண்ட் என்பது ஏதோ ஒரு வழக்கின் நடுவில் நீதிபதி போட்ட உத்தரவு. அதனால் முதலில் வழக்கைப் பிடிக்க வேண்டும்; அதற்குள்தான் வாரண்ட் இருக்கும்.

தன் பெயரில் வாரண்ட் இருப்பதே தெரியாமல் நடமாடுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் செக் கேஸ்தான், அதாவது கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியதற்கான வழக்கு. கம்பெனி கணக்கில் கையெழுத்துப் போட்ட பார்ட்னர் வீடு மாறியிருப்பார், சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும், இரண்டு மூன்று வாய்தா கழித்து என்.பி.டபிள்யூ. (ஜாமீனில் விட முடியாத வாரண்ட்) வந்திருக்கும். ஜீவனாம்சப் பாக்கி, ஜாமீனில் வந்தபின் கோர்ட்டுப் பக்கமே போகாதது என்று மற்றவையும் உண்டு. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடும்போது மாட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வாரண்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்க 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவிலேயே இடம் இருக்கிறது.

இ-கோர்ட்ஸ்

நீதிமன்ற வழக்குகளின் விவரத்தை இணையத்தில் காட்டும் அரசு சேவை இது. செலவில்லை, யாரிடமும் பதில் சொல்ல வேண்டாம், நள்ளிரவிலும் பார்க்கலாம். அதனால் எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும். இணையதளம் இருக்கிறது, கைபேசிச் செயலியும் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண் ஆகியவற்றில் ஒன்றை வைத்துத் தேடலாம். எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) கையில் இருந்தால் வேறெதுவும் வேண்டாம், நேரே வழக்குக்குப் போய்விடலாம். வழக்கு எங்கே, எந்த ஆண்டு என்று எதுவுமே தெரியாதவர்தான் பெயரை வைத்து அல்லாட வேண்டியிருக்கும்.

அந்த அல்லாட்டத்துக்குக் காரணம் நம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல். செந்தில்குமார் என்பதை ஒருவர் சேர்த்து அடித்திருப்பார், இன்னொருவர் பிரித்து அடித்திருப்பார். 'த'வுக்கு டி மட்டும் போடுவார் ஒருவர், கூடவே எச் சேர்ப்பார் அடுத்தவர். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். இனிஷியல் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முழுப் பெயரை அடித்து 'பதிவு இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். பெயரில் எப்படி எழுதினாலும் மாறாத நாலைந்து எழுத்தை மட்டும் அடியுங்கள். ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நிலுவை, முடிந்தவை இரண்டையும் பாருங்கள். வளாகம் தப்பினால் எதுவும் வராது என்பதால், நீங்கள் குடியிருந்த ஊர், வியாபாரம் செய்த ஊர், எதிராளியின் வங்கிக் கிளை இருக்கும் ஊர் என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பது நல்லது. செக் கேஸ் பெரும்பாலும் எதிராளியின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் போடப்பட்டிருக்கும்.

வழக்கு கிடைத்துவிட்டால் மேலே இருக்கும் 'ஸ்டேஜ்' என்ற வரியோடு நின்றுவிடக் கூடாது. கீழே வாய்தா வரலாறு இருக்கும். அதிலுள்ள தேதியைத் தொட்டால் அன்றைக்கு நடந்தது ஒன்றிரண்டு வரியில் திறக்கும். 'அக்யூஸ்ட் கால்டு ஆப்சென்ட், இஷ்யூ என்.பி.டபிள்யூ.' (கூப்பிட்டும் வரவில்லை, வாரண்ட் போடு) என்ற மாதிரி இருந்தால் விஷயம் தெளிவு. சில கோர்ட்டுகளில் இதை ஒழுங்காகப் பதிகிறார்கள். சிலவற்றில் தள்ளிவைப்பு என்று ஒற்றைச் சொல்லோடு சரி. குற்றம்சாட்டப்பட்டவர்கள் பலர் உள்ள வழக்கில் வராதவரை மட்டும் தனியாகப் பிரித்து வேறு எண் கொடுத்திருப்பார்கள். பழைய எண்ணில் வழக்கு முடிந்ததாகக் காட்டும், வாரண்ட்டோ புது எண்ணில் உட்கார்ந்திருக்கும்.

ஆக, இ-கோர்ட்ஸில் 'இருக்கிறது' என்று வந்தால் நம்பலாம். 'இல்லை' என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

கோர்ட் ஆபீஸ், வக்கீல் வழியாக

உறுதியான பதில் கிடைக்கும் ஒரே இடம் வாரண்ட் போட்ட கோர்ட்தான். வழக்குக் கட்டு அங்கே இருக்கிறது. உத்தரவும் அதில் இருக்கிறது. வழக்கு எண்ணைச் சொல்லி பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டால் அடுத்த வாய்தா தேதி கிடைத்துவிடும். அதற்கு மேல் விவரம் சொல்வது அவரவர் வேலைப் பளுவையும் மனநிலையையும் பொறுத்தது. எழுத்தில் வேண்டுமென்றால் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் என்றால் காரணம் காட்டி அனுமதி பெற வேண்டியிருக்கும்.

சந்தேகம் உங்கள் பெயர்மேலேயே என்றால் நீங்கள் போய் நிற்பதைவிட வக்கீலை அனுப்புவது மேல். வக்கீல்கூட வேண்டாம், அந்த வளாகத்தில் தினமும் புழங்கும் வக்கீல் குமாஸ்தா பாதி வேலையை முடித்துவிடுவார். கட்டு எந்தப் பிரிவில் இருக்கிறது, வாரண்ட் எந்த ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வாரண்ட் இருப்பது உறுதியானால் அதே வக்கீலே ரீகால் மனுவும் (வாரண்ட்டை ரத்து செய்யக் கேட்கும் மனு) போட்டு, உங்களை எந்தத் தேதியில் ஆஜர்படுத்துவது என்றும் சொல்லிவிடுவார். பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் சட்ட உதவி இலவசம். சட்டம் குறிப்பிடும் இன்னும் சில பிரிவினருக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

போலீஸ் ஸ்டேஷன்

வாரண்ட்டை நிறைவேற்ற வேண்டியவர்கள் இவர்கள். கோர்ட் டியூட்டி பார்க்கும் காவலரைக் கேட்டால் கையில் எத்தனை வாரண்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் உங்கள் பெயரில் ஜாமீனில் விட முடியாத வாரண்ட் இருக்கும்போது நீங்களே போய் 'என் பேர்ல ஏதாவது இருக்கா சார்?' என்று கேட்டால், பிடித்து ஆஜர்படுத்துவதுதான் அவர் கடமை. ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட் என்றால், அதில் குறித்தபடி பிணை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம். எந்த வகை என்று தெரியாமல் அங்கே போவது வீண் துணிச்சல்.

தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையில் எஃப்.ஐ.ஆர். நகல் எடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பலன் அது (பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு). அந்த எஃப்.ஐ.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டு வழக்கைப் பிடிக்க உதவும். வாரண்ட் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

ஆர்.டி.ஐ.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுவது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோர்ட் ஆவணங்களை அந்தந்தக் கோர்ட்டின் நகல் விதிப்படிதான் வாங்க வேண்டும், ஆர்.டி.ஐ. வழியாக அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. காவல்துறையிடம் கேட்டால், குற்றவாளியைப் பிடிக்க இடையூறு என்று அந்தச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க முடியும். இதற்கு ஒரு மாதம் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வாடகைக்கு வருபவரையோ சம்பந்தம் பேசும் மாப்பிள்ளையையோ பற்றிப் பார்க்க நினைப்பவர்களும் இ-கோர்ட்ஸோடு நின்றுகொள்வது நல்லது. அதே பெயரில், அதே இனிஷியலில் ஒரு மாவட்டத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். அப்பா பெயர், விலாசம் ஒத்துவராமல் யார்மீதும் முடிவு கட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சீல் வைத்த வாரண்ட் படம் வந்தால், அதிலுள்ள வழக்கு எண்ணை அந்தக் கோர்ட்டின் பெயரில் இ-கோர்ட்ஸில் தட்டிப் பாருங்கள். வீடியோ காலில் உட்காரவைத்துப் பணம் கேட்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வாரண்ட்டுக்குக் காலாவதி கிடையாது. போட்ட கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது நிறைவேற்றப்படும்வரை அது உயிரோடு இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 72-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது, அதற்கு முன்பிருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதேதான். பத்து வருடப் பழைய வாரண்ட்டும் செல்லும். ரீகால் ஆன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கோர்ட் ரத்து செய்த தகவல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்து அங்குள்ள பதிவேட்டில் ஏறும்வரை, போலீஸ் கணக்கில் நீங்கள் தேடப்படுபவர்தான். ரீகால் உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கி, வக்கீல் மூலம் ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்னொரு நகல் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.