விமான நிலையத்தில் பிரெஞ்சுச் சாப்பாடு: மேசையா, பேக்கரி கவுண்டரா, விமானத்துத் தட்டா?

பிரெஞ்சு உணவகத்தில் சாப்பாடு படிப்படியாகத்தான் வரும். முதலில் ஒரு சிறு தட்டு, அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. விமான நிலையத்தில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பல விமானங்களுக்குப் புறப்படும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். அதனால் மெனுவைப் புரட்டுவதற்கு முன் போர்டிங் பாஸைப் பாருங்கள்.

போர்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தால் என் ஓட்டு உணவகத்துக்குத்தான். விலை வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும், அது தெரிந்ததே. எதை ஆர்டர் செய்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாட்டிறைச்சியை ரெட் ஒயினில் மணிக்கணக்கில் வேகவைக்கும் பஃப் பூர்கினியோன், வாத்துக் காலைக் கொழுப்பிலேயே மெல்ல வேகவைக்கும் கான்ஃபி எல்லாம் முன்கூட்டியே சமைத்து வைக்கக்கூடியவை. முதல் நாள் வைத்த மீன் குழம்பு மாதிரி, காத்திருந்ததால் ருசி கெடாது. ஆம்லெட்டும் சட்டென்று வந்துவிடும். ஸ்டேக் கேட்டால் அப்போதுதான் அடுப்பில் ஏறும். அடுக்களை அவசரத்தில் இருந்தால் பதம் தவறும். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சுடும் சூஃப்லே பக்கமே போக வேண்டாம், ஓவனில் மட்டும் 20 நிமிடம் வரை பிடிக்கும். இனிப்புக்கு க்ரெம் ப்ரூலே போதும்: கஸ்டர்ட் குளிர்ந்து தயாராக இருக்கும், மேலே சர்க்கரையைத் தூவிக் கருக்குவதுதான் பாக்கி.

இன்னொன்று, பிரெஞ்சு வழக்கத்தில் நீங்கள் கேட்காமல் பில் வராது. சாப்பிட்டு முடித்தவரை விரட்டுவது மரியாதை இல்லையாம்! இனிப்பு சொல்லும்போதே பில்லையும் கேட்டுவிடுங்கள்.

நேரம் முக்கால் மணிக்குள் என்றால் பேக்கரி கவுண்டர். குரோசான் காலையில்தான் மொறுமொறுப்பு; மாலையில் துவண்டு கிடக்கும். பாகெட் என்ற நீள ரொட்டியில் செய்யும் சாண்ட்விச்சும் அப்படித்தான். வழக்கமான பாகெட் மாவில் கொழுப்பு சேர்ப்பதில்லை, அதனால் சில மணி நேரத்திலேயே விறைத்துப் போகும். சாயங்காலம் போனால் சூடாக்கித் தரும் கீஷ் (மாவுக் கிண்ணத்தில் முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுட்டது) துண்டே மேல்.

விமானத்திலேயே சாப்பிட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு விஷயம். பறக்கும்போது கேபினின் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போல இருக்கும். ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு உலர்ந்து வாசனை மட்டுப்படும், உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரியும். வெண்ணெயும் மூலிகையும் சேர்ந்த மென்மையான சாஸ்தான் பிரெஞ்சுச் சமையலின் அழகு. மேலே போனால் முதலில் அடிபடுவதும் அதுதான். எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் நாக்கு ஒன்றுதானே! இலவசமாக வருகிறது என்பதைத் தவிர விமானத் தட்டுக்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சைவர்களுக்கு மூன்றிலுமே எச்சரிக்கை தேவை. வெங்காய சூப் என்று பெயர் இருந்தாலும் பழைய முறைப்படி அது மாட்டெலும்புச் சாறில் செய்வது. கீஷ் லொரேன் என்றால் உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், தக்காளி போட்ட ரடடூய் இருந்தால் நம்பிக் கேட்கலாம். விமானத்தில் சைவ உணவு வேண்டுமென்றால் பல நிறுவனங்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லச் சொல்கின்றன.