மும்பை ஈரத்திலும் நமுக்காத உப்பு கிராக்கர்: ஓடிஜியோடு சில மழைக்காலங்கள்

கடையில் வாங்கும் உப்பு பிஸ்கட்டுக்குப் பதிலாக வீட்டிலேயே மெல்லிய கிராக்கர் சுட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இருப்பது மும்பை செம்பூரில். ஒரு 28 லிட்டர் ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார அடுப்பு), ஒரு சமையலறைத் தராசு, அடுப்புக்குள் வைக்கும் ஒரு சின்ன வெப்பமானி, மாவை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்கும், கையால் சுற்றும் பாஸ்தா இயந்திரம் இவ்வளவுதான் சாமான். எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை. மும்பை, சென்னை மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான செய்முறைகள் '180 டிகிரியில் 15 நிமிடம்' என்று முடித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் அது போதும். ஜூன் நடுவில் மழை பிடித்த பிறகு அதே அளவு, அதே நேரம் வைத்தால் கிராக்கர் ஆறுவதற்குள் நமுத்துவிடும். மாவிலோ நெய்யிலோ எந்தக் குறையும் இருக்காது. உள்ளே தங்கிய தண்ணீர்தான் காரணம்.

நல்ல கிராக்கரில் ஈரம் நூற்றுக்கு 2 முதல் 4 பங்குதான் இருக்கும். மாவுச்சத்து அந்த அளவுக்கு உலர்ந்து இறுகியிருந்தால் கடித்தவுடன் உடையும். அதற்கு மேல் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், இளகிப்போய் பல்லுக்கு அடியில் வளையத் தொடங்கும். எனவே என் வேலையில் பாதி நேரம் சுடுவதற்கு, மீதி நேரம் உலர்த்துவதற்கு.

என் அளவு இது. மைதா 120 கிராம், கோதுமை மாவு 60, அரிசி மாவு 20, உப்பு 4, நெய் 30, தண்ணீர் சுமார் 90. ஓமமோ எள்ளோ பொடித்த மிளகோ கைக்கு வந்தபடி. அரிசி மாவில் பசைத்தன்மை தரும் குளூட்டன் கிடையாது என்பதால் அந்த 20 கிராமே கரகரப்பைக் கூட்டுகிறது. அதற்கு மேல் போனால் தேய்க்கும்போது விளிம்பு கிழியும். மும்பையில் நெய் வருஷத்தில் பாதி நாள் உருகியே இருக்கும், ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துக் கெட்டியாக்கிக்கொள்வது நல்லது. மாவில் நெய்யைப் போட்டு விரல் நுனியால் பிசற வேண்டும். கையில் பிடித்தால் பிடி நிற்கணும், தட்டினால் உதிரணும். அந்தப் பக்குவம் வந்த பிறகே தண்ணீர். வெண்ணெயும் போட்டுப் பார்த்தேன், வாசனை பிரமாதம். ஆனால் வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு வரை தண்ணீர் இருக்கிறது, மழைக்காலத்தில் நான் நெய்க்கே திரும்பிவிடுவேன்.

மாவு சப்பாத்தி மாவை விடக் கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்ததும் மூடி வைத்து அரை மணி நேரம் விட்டால்தான் தேய்க்கும்போது சுருங்கிக்கொள்ளாமல் படியும்.

கோதுமை மாவை மட்டும் வைத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் மாவு மில்லில் கல்லில் அரைக்கும்போது மாவுச்சத்து நிறையச் சிதைகிறது, சிதைந்த மாவுச்சத்து தண்ணீரை அதிகம் இழுக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவதற்கு உதவுகிற அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. தண்ணீரை 10, 15 கிராம் கூட்ட வேண்டிவரும், உலர்த்தவும் கூடுதலாகச் சில நிமிடம் பிடிக்கும். ருசி என்னவோ இதற்குத்தான் அதிகம். என் ஓட்டும் இதற்கே, நேரம் இருந்தால்.

இனி தடிமன். ஒன்றரை மில்லிமீட்டர்தான் சரி. சப்பாத்திக் கட்டையில் தேய்க்கலாம், ஆனால் நடுப்பகுதி கொஞ்சம் கனமாகத்தான் நிற்கும். அதனால் என்ன என்று கேட்கலாம். நடு கனமாகவும் ஓரம் மெலிதாகவும் இருந்தால் ஓரம் முதலில் காய்ந்து, நடுவில் ஈரம் மிஞ்சும். ஆறிய பிறகு அந்த ஈரம் மெதுவாக ஓரத்துக்கு நகரும். ஓரம் விரியப் பார்க்கும், நடு சுருங்கப் பார்க்கும். அந்த இழுபறியில் யாரும் தொடாமலே டப்பாவுக்குள் மயிரிழை போல விரிசல் விடும். பிஸ்கட் ஆலைகளிலும் இது பெரிய தலைவலிதான். ஹார்பர் லைன் ரயிலில் எடுத்துப்போன டப்பாவைத் திறந்தால் பாதி தூளாக இருக்கும்போது கூட்டத்தின் மேல் பழியைப் போடத் தோன்றும். பல நேரம் விரிசல் வீட்டிலேயே விழுந்திருக்கும். பாஸ்தா இயந்திரம் வந்த பிறகு இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. அதைத் தண்ணீரில் கழுவவே கூடாது, நம் ஊர்க் காற்றில் உருளைகள் துருப்பிடித்துவிடும். உலர்ந்த தூரிகையால் மாவைத் தட்டிவிட்டால் போதும்.

தேய்த்த தகட்டை முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்த வேண்டும், அடிவரை இறங்கணும். ஆவி போக வழியில்லாவிட்டால் பூரி மாதிரி உப்பி, மேல்தோல் கருகும்.

இப்போது அடுப்பைப் பற்றி. எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, விலை குறைந்த ஓடிஜிகளில் பலவற்றுக்கும் இந்தக் குணங்கள் உண்டு. என்னுடையதில் 180-இல் திருகி வைத்தால் உள்ளே 200-ஐத் தொடும். வெப்பமானி வாங்கி வைத்த பிறகுதான் சமாதானம். பின்பக்க வலது மூலை எப்போதும் அதிகச் சூடு, பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அந்த வரிசை கருத்துவிடும். கூடவே வந்த கறுப்புத் தட்டின் பூச்சு இரண்டாவது மழைக்காலத்தில் உரிய ஆரம்பித்தது, தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண அலுமினியத் தட்டு வாங்கினேன். கறுப்புத் தட்டை விட அதில் அடிப்பக்கம் நிதானமாகச் சிவக்கிறது. கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் கம்பிகள் இன்னமும் நன்றாகவே வேலை செய்கின்றன. 1500 வாட் அடுப்பு ஏறக்குறைய 6.5 ஆம்பியர் இழுக்கும், மிக்ஸிக்கு வைத்திருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் இருக்கும் இடமாகப் பாருங்கள். கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. 40 நிமிடம் விடாமல் எரிந்தாலும் ஒரு யூனிட்தான்.

சுடுவது இரண்டு கட்டம். முதலில் நிஜமான 175 டிகிரியில் 12 நிமிடம் போல. விளிம்பில் பொன்னிறம் எட்டிப்பார்த்ததும் 115-க்கு இறக்கி இன்னும் 10 முதல் 15 நிமிடம். அதிகச் சூட்டிலேயே வைத்து முழுக்க உலர்த்தப் பார்த்தால் உள்ளே காய்வதற்குள் வெளியே கரும்பழுப்பாகும். கசப்பு ஒருபுறம், மாவுப் பண்டங்கள் அப்படிக் கறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளும் கூடும், அது உடம்புக்கு ஆகாது. வெளிர்ப் பொன்னிறத்தில் நிறுத்துங்கள்.

வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, தராசு சொல்லும். இந்த முறையைத்தான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். என் அளவில் பிசைந்த மாவு மொத்தம் 320 கிராம் சொச்சம் வரும். மாவுக்குள் இயல்பாகவே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், முழுக்க உலர்ந்த பிறகு 215 கிராம் அளவுக்கு இறங்கணும். அதாவது தட்டில் 100 கிராம் பச்சைத் தகடு வைத்தால் 67 கிராமாக வெளியே வர வேண்டும். 72-இல் நின்றால் பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப உள்ளே தள்ளிவிடுவேன். ஜூலையிலும் ஜனவரியிலும் ஒரே மாதிரி வருவதற்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆறவைப்பதும் அடுப்புக்குள்தான். அணைத்துவிட்டுக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் மிச்சச் சூட்டில் உள்காற்று உலர்ந்தே இருக்கும். மழைக்காலத்தில் மேடையில் கம்பித் தட்டு போட்டு ஆறவிட்டால் துணிகூடக் காயாத காற்றிலிருந்து ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். முழுக்க ஆறியதும் நேராக ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடிக்கு. எவர்சில்வர் சம்புடம் முறுக்குக்குப் பழகியதுதான், ஆனால் அதன் மூடி ஆகஸ்டு மாதத்துக்குப் போதாது. பெரிய ஜாடி ஒன்றுக்குப் பதில் சின்னதாக மூன்று, நான்கு வையுங்கள். திறக்கிறபோதெல்லாம் ஈரக்காற்று புகும், ஒன்றில் புகுந்தால் மற்றவை தப்பிக்கும். குளிர்காலத்தில் மூன்று வாரம் கரகரப்பு குறையவில்லை. மழையில் திறந்த ஜாடி நாலைந்து நாள்தான். நமுத்ததை 120 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

ஓடிஜி இல்லாதவர்கள் குஜராத்திக்காரர்களின் காக்ராவைப் பாருங்கள். எங்கள் மாடியில் இருக்கும் குஜராத்தி அக்கா ஒருவர் மெல்லிய ரொட்டியைச் சிம்மில் வைத்த தவாவில் போட்டு, துணியால் அழுத்தி அழுத்தித் திருப்புவார். அழுத்துவதால் தகடு முழுக்கத் தவாவில் ஒட்டி ஒரே சீராகக் காய்கிறது. என் மாவையே அவரிடம் கொடுத்துச் சுட்டுப் பார்த்தோம், அருமையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் ஒரே சிரமம்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஓமம் போட்டதைக் கடித்துவிட்டு, "எண்ணெய்ச் சட்டியே வைக்காம தட்டை சுட்டுட்டியாப்பா!" என்றார். மாட்டுங்கா கடைத்தெருவில் வாங்கிய பெருங்காயத்தையும் கறிவேப்பிலைப் பொடியையும் அடுத்த முறை அவரே சேர்த்தார். அப்புறம் வீட்டில் வேறு ருசி கேட்க ஆளில்லை.

இப்போது ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவில் இறங்கியிருக்கிறேன். கிரீம் கிராக்கர், சோடா கிராக்கர் எல்லாம் புளித்த மாவில் செய்பவை, அடுக்கடுக்காக உடைவதற்கு அந்தப் புளிப்போடு மடித்து மடித்துத் தேய்ப்பதும் காரணம். மும்பை வெக்கையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடுவதால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துப் புளிக்கவிடுகிறேன். ருசி ஏறியிருக்கிறது. தடிமன் மட்டும் இன்னும் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க மறுக்கிறது.