மதுரைக்குத் தெக்க ஒரு சின்ன காலேஜ்: பொண்ண ஹாஸ்டல்ல விட்டிருக்குற அம்மாவோட ரிவ்யூ

காலேஜ் பேரு போடல, பொண்ணு இன்னும் அங்கதான் படிக்கிறா, இன்டர்னல் மார்க்கு அவங்க கைல இருக்கு, புரிஞ்சுக்கோங்க. மதுரைக்குத் தெக்க நாலுவழிச்சாலை ஓரம் இருக்குற ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ், மொத்தமா ஆயிரம் புள்ளைங்க இருந்தா அதிகம். 5க்கு மூணரை ஸ்டார் குடுப்பேன்.

எதுக்கு சின்ன காலேஜ்னு கேட்டா, எங்க வீட்டுக்காரருக்கு மெட்ராஸ் அனுப்பவே மனசில்ல. 2024 டிசம்பர்ல அண்ணா யூனிவர்சிட்டி கேம்பஸுக்குள்ளயே வெளியாள் ஒருத்தன் புகுந்து ஒரு பொண்ண பாலியல் வன்கொடுமை பண்ணதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்க முடியல. எனக்கு அதோட சேந்து இன்னொண்ணும் வயித்தக் கலக்குச்சு, அந்த எஃப்.ஐ.ஆர் வெளிய லீக் ஆனது. புகார் குடுத்த புள்ளையோட விவரம் ஊருக்கே தெரிஞ்சா அடுத்து எந்தப் புள்ள வாயத் தொறக்கும் சொல்லுங்க.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒவ்வொரு புள்ளையும் எந்த ஊரு, யாரு வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு மனப்பாடம். தீபாவளி லீவுக்கு என் தம்பி கூப்பிடப் போனான், விசிட்டர் லிஸ்ட்ல அவன் போட்டோ இல்லன்னு கேட்லயே நிறுத்திட்டாரு, ஆதார் காட்டியும் விடல, அப்புறம் வார்டன் மேடம் எனக்கு வீடியோ கால் போட்டு அவன் மூஞ்சியக் காட்டி "இவரு யாருங்கம்மா"ன்னு கேட்டுட்டுத்தான் விட்டாங்க. அவனுக்கு செம கோவம், தாய்மாமனையே நிறுத்துறாய்ங்கன்னு. எனக்கு நிம்மதி. இன்னொரு தடவ இவ ரெண்டு நாளா சரியா சாப்பிடலன்னு மெஸ் அக்காதான் கவனிச்சு வார்டன்கிட்ட சொல்லிருக்காங்க, பாத்தா காய்ச்சல். பெரிய ஹாஸ்டல்ல யாரு தட்டப் பாத்துட்டு இருப்பா?

பொண்ணுங்க ஹாஸ்டல் நடத்தணும்னா 2014 சட்டப்படி கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும், அட்மிஷன்லயே கேட்டேன், எடுத்துக் காட்டுனாங்க. நீங்களும் எந்த காலேஜா இருந்தாலும் கூச்சப்படாம கேளுங்க.

ராகிங் இதுவரைக்கும் எதுவும் காதுல விழல, ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி ஃப்ளோர், சாப்பாட்டு நேரமும் தனி. எங்க செட்டு பெத்தவங்களுக்கு ராகிங்னாலே 1996ல ராகிங்ல செத்துப்போன மெடிக்கல் காலேஜ் பையன் நாவரசு ஞாபகம்தான் வரும், அதுக்கப்புறம்தான் 1997ல தமிழ்நாட்டுல தனி சட்டமே வந்துச்சு. ராகிங் பண்ண மாட்டோம்னு யுஜிசி உறுதிமொழி ஒண்ணு புள்ளையும் பெத்தவங்களும் குடுக்கணும்ல, அத பாதிப் பேரு ப்ரௌசிங் சென்டர்காரன்கிட்ட காசக் குடுத்து படிக்காமயே முடிச்சிடுறோம். 1800-180-5522ங்கிற 24 மணி நேர ஹெல்ப்லைன் நம்பர மட்டுமாவது புள்ள போன்ல சேவ் பண்ணி விடுங்க. காலேஜத் தாண்டி நேரா புகார் குடுக்கலாம்.

காலேஜத் தாண்டின்னு ஏன் சொல்றேன்னா, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுறதுதான் இங்க பாதுகாப்பு, அதேதான் பிரச்சனையும். புகார்ப் பெட்டிய பிரின்சிபல் ரூம் வாசல்ல சிசிடிவிக்கு நேர் கீழ மாட்டி வச்சிருக்காங்க, எந்தப் புள்ள போயி போடும்? பாலியல் புகார் கமிட்டில வெளியாள் ஒருத்தர் இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது, போர்டுல இருக்குற அந்த வெளியாள் யாருன்னு விசாரிச்சா கரஸ்பாண்டன்ட்டுக்கு சொந்தக்காரங்களாம். பேரண்ட்ஸ் மீட்டிங்ல எந்திரிச்சுக் கேட்டேன். "நம்ம காலேஜ்ல அப்படியெல்லாம் நடக்காதும்மா, எல்லாரும் ஒரே குடும்பம்"னு சிரிச்சாங்க. குடும்பம்தான், அதான் பயமே, காலைல ஒரு புள்ள எதாவது சொன்னா மத்தியான சாப்பாட்டுக்குள்ள டிபார்ட்மெண்ட் பூரா தெரிஞ்சு சாயந்திரம் அவ அப்பாவுக்கு போன் போயிரும்.

அவுட்பாஸ் வேற. பொண்ணுங்க 6 மணிக்குள்ள உள்ள வரணும், பசங்களுக்கு 9. எங்க வீட்டுக்காரரு இதத்தான் காலேஜோட பெரிய ப்ளஸ்ங்கிறாரு, எனக்கு ஒத்துக்கல, லைப்ரரி 8 மணி வரைக்கும் தொறந்திருக்கு, ஆனா ஹாஸ்டல் பொண்ணுங்க போக முடியாது, அப்ப அது யாருக்கு தொறந்திருக்கு? பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல இத எழுதுனேன், ரெண்டே ரெண்டு அம்மாங்க தம்ஸ்அப் போட்டாங்க, ஒரு சார் போனையும் புடுங்கி வச்சிட்டா நல்லதுன்னாரு, அதுக்கு இருபது தம்ஸ்அப். அப்புறம் சாம்பார் பேச்சுக்குப் போயிட்டாங்க.

சாம்பார் தண்ணிதான், ஆனா ஞாயித்துக்கிழமை சிக்கன் நல்லா இருக்காம். கல்ச்சுரல்ஸ், கிளப்னு பெருசா ஒண்ணும் இல்ல, பொண்ணு "பன்னெண்டாப்புக்கு அப்புறம் பதிமூணாப்பு படிக்கிற மாதிரி இருக்கும்மா"ங்கிறா. வாத்தியாருங்க நல்லா சொல்லித் தர்றாங்க, அதுல கொறையில்ல.

நான் கொறைச்ச ஸ்டார்ல பெரும்பங்கு ரோட்டுக்குத்தான். மதுரை போற பஸ்ஸு நிக்கிறது எதிர்ப்பக்கம். புள்ளைங்க சனிக்கிழமை சாயந்திரம் பையத் தூக்கிட்டு நாலுவழிச்சாலைய ஓடித்தான் கடக்கணும், மேம்பாலமும் இல்ல, சிக்னலும் இல்ல, லைட்டு ஒண்ணு இருக்கு அதுவும் எரியாது. உள்ள அவ்ளோ கண்ணா பாக்குற ஆளுங்க, கேட்டத் தாண்டுனா எங்க பொறுப்பில்லன்னு கைய விரிக்கிறாங்க, அந்த அரை மணி நேரம் வாட்ச்மேன் அண்ணன அங்க நிக்கச் சொன்னாக்கூட போதும். குரூப்ல ஆளுங்களப் புடிச்சு கையெழுத்து வாங்கி திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டருக்கு மனு குடுத்திருக்கோம், போன் புடுங்கச் சொன்ன அந்த சாரும் போட்டிருக்காரு. பதில் வந்தா இதுலயே எடிட் பண்ணி போடுறேன்.