மக்கபேயரா, பவுலா?

இறந்தோருக்காக ஏன் மன்றாடுகிறீர்கள் என்று சீர்திருத்த சபை நண்பர் கேட்டால், கத்தோலிக்கரான நம் கை முதலில் 2 மக்கபேயர் 12-ஐத்தான் தேடும். போரில் மடிந்தவர்களின் பாவம் போக்கும் பலிக்காக யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே ஏறத்தாழ 2000 வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய இடம். இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆனால் அவருடைய 66 நூல் வேதாகமத்தில் அந்த நூலே கிடையாது. பேச்சு உடனே 1546-க்கும், அந்த நூலை வேதாகமத்தின் பகுதி என்று அந்த ஆண்டில் உறுதிசெய்த கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கத்துக்கும் தாவிவிடும். கல்லறையில் நாம் ஏற்றிய மெழுகுவர்த்தி மறந்தே போகும்.

பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 3:15 இருவர் கையிலும் இருக்கிறது. கட்டியது எரிந்துபோகும், கட்டியவரோ நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவர்போல மீட்கப்படுவார். 'உத்தரிக்கும் தலம்' (இறந்தோர் தூய்மை பெறும் நிலை) என்ற பெயர் அங்கே இல்லையே என்பார் நண்பர். உண்மைதான், ஒப்புக்கொள்ளுங்கள். நான் பவுலிடமிருந்தே தொடங்குவேன். மக்கபேயரை நண்பரே கேட்கும்போது எடுத்தால் போதும்.