கொழுக்குமலை உச்சி என்று சொல்லி ஏலக்காட்டில் படுக்க வைத்த கதை

ஆயுதபூஜையோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தது. எங்கேயாவது கூட்டிப்போ என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இன்ஸ்டாகிராமில் அந்தப் படம் கண்ணில் பட்டது. ஆரஞ்சு நிற டென்ட், அதன் வாசலுக்குக் கீழே முழுக்க மேகம், ஓரமாக ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்கும் டீ. 'கொழுக்குமலை உச்சியில் ஃபேமிலி கேம்பிங், தலைக்கு 1,500 ரூபாய், ஜீப், கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, காலை டிபன் சேர்த்து.'

வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஜீப் சேர்த்துத்தானே?" என்று நான் டைப் செய்ததற்கு வாய்ஸ் நோட்டில் பதில் வந்தது: "எல்லாம் சேர்த்துதான் சிஸ்டர், நீங்க பையைத் தூக்கிட்டு வந்தா போதும்." நான், வீட்டுக்காரர், மாமியார் மூவருக்கும் 4,500. மகளுக்குப் பாதிக் கட்டணம் 750. ஐந்து வயது மகனுக்கு இலவசம். 3,000 ரூபாயை ஜிபேயில் போட்டேன். "ரிவ்யூ பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர். பார்த்தேன், எல்லாம் ஐந்து நட்சத்திரம். அத்தனையும் ஒரே வாரத்தில் போடப்பட்டவை என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தேன்.

கொழுக்குமலை ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம். இருப்பது நம் தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்தான். நம் காரை அந்தப் பாதையில் விட மாட்டார்கள், விட்டாலும் அந்தக் கல்லில் ஏறாது. இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், உச்சியில் டென்ட் போட்டிருப்பதாக ஒருவன் சொன்னால் எந்த இடம், யாருடைய நிலம் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

சூரியநெல்லிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. ஒரு பையன் ஜீப்போடு வந்தான். பத்து நிமிடம் ஓட்டி, ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே மண் வெட்டிச் சமப்படுத்திய ஒரு திட்டில் இறக்கிவிட்டு, "இதாங்க்கா கேம்ப்" என்றான். மேகமும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ஒரு பக்கம் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, இன்னொரு பக்கம் டீசல் ஜெனரேட்டர். நடுவில் பதினோரு டென்ட், ஒன்றின் கயிறு அடுத்ததன் மேல் போகிற நெருக்கத்தில். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை, தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு. "கொழுக்குமலை எங்கப்பா?" என்று கேட்டால், மேலே கை காட்டுகிறான். ஜீப்? "ரோட்லேர்ந்து கேம்ப் வரைக்கும்தான்க்கா பேக்கேஜ்ல. விடியக்காலை சன்ரைஸ் ஜீப்புக்குத் தனியா 2,500." விறகு ஒரு கட்டு 400. மீதி 2,250 ரூபாயைக் கொடுத்தால்தான் டென்ட்டின் ஜிப்பையே திறந்துவிடுவானாம்.

திரும்பிப் போகலாம் என்றேன். இருட்டிக்கொண்டு வருகிறது, போடிமெட்டில் பனிமூட்டம், பின்சீட்டில் தூங்கி வழியும் பிள்ளைகள். எல்லாக் குடும்பமும் அந்த நேரத்துக்கு இப்படித்தான் வந்து நிற்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முழுப் பணத்தையும் கொடுத்தோம்.

டென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'நாலு பேர் டென்ட்' என்றால் நாலு பேர் மத்தி மீன் மாதிரி ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம். பை, செருப்பு எதற்கும் அதில் கணக்குக் கிடையாது. டென்ட்டுக்கு இரண்டு தோல் உண்டு. உள்ளே காற்றுப் போகிற மெல்லிய துணி, அதற்கு மேலே மழையைத் தாங்குகிற ரெயின் ஃப்ளை என்னும் மேல்விரிப்பு. இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். எங்கள் டென்ட்டில் மேல்விரிப்பு பாதிதான் இருந்தது, மீதிப் பாதிக்கு நீலத் தார்ப்பாய். நான்கு முளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முளை, இரண்டு கல். அதை நட்டிருந்த இடமோ, திட்டிலேயே தாழ்வான மூலை.

ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. 400 ரூபாய் விறகு பத்து நிமிடம் எரிந்து, புகைந்து, அணைந்தது. பார்பிக்யூ என்றது ஆளுக்கு இரண்டு துண்டு கோழி, வெளியே கருகல், உள்ளே சிவப்பு. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. மாமியார் கட்டிக்கொண்டு வந்த புளியோதரைதான் காப்பாற்றியது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மழை டென்ட் துணியில் விழுகிற சத்தம் இருக்கிறதே, அது ஓட்டு வீட்டுச் சத்தமும் இல்லை, தகரக் கூரைச் சத்தமும் இல்லை. காதுக்கு ஒரு சாண் தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி இருந்தது. மகள் டார்ச்சை வைத்துக்கொண்டு துணிச் சுவரில் விரல்களால் மான், முயல், கடைசியில் எங்கள் தெரு நாய் வரை காட்டினாள். மகன் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டான். "வீட்ல நாலு ரூம் கட்டி ஆளுக்கொரு மூலையில கெடக்கோம், இங்க வந்து எல்லாரும் ஒட்டிக்கிட்டுப் படுக்க எட்டாயிரமா?" என்று கேட்டுவிட்டு மாமியாரும் சேர்ந்து சிரித்தார்.

பதினோரு மணிக்கு முதுகு நனைந்தது. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் தையல் வழியாகக் கசிந்து தரை விரிப்பில் குளம் கட்டியிருந்தது. மேலே நாங்கள் விட்ட மூச்சே துளித்துளியாகத் துணியில் பூத்து முகத்தில் சொட்டியது. ஸ்லீப்பிங் பேக்கில் யாரோ கழுவாத தலையின் எண்ணெய் வாசம். மகனின் கணுக்காலில் அட்டை. மாமியார் புளியோதரை டப்பாவோடு வந்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து அதன் மேல் தூவினார், சுருண்டு விழுந்தது.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். நாங்கள் குளிரில் நடுங்குவதைப் பார்த்து அந்தப் பையன் ஒரு இரும்புச் சட்டி நிறைய கரித்தணலை எடுத்துக்கொண்டு வந்தான். "உள்ள வச்சு ஜிப்பைப் போட்ருங்கக்கா, விடிய வரைக்கும் கதகதன்னு இருக்கும்." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மூடிய டென்ட்டுக்குள் கரித்தணல் என்றால் அது எமனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைப்பதுதான். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருமல் வராது, தூக்கம்தான் வரும், அப்படியே போய்ச் சேர்ந்துவிடலாம். வெளியே எடுத்துப்போகச் சொன்னேன். பக்கத்து டென்ட்டில் இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம், அவர்கள் சட்டியை ஏற்கெனவே உள்ளே வாங்கி வைத்திருந்தார்கள். மழையில் போய்த் தட்டி, கெஞ்சி, எடுக்க வைத்தேன். அந்த அண்ணனுக்கு என் மேல் கோபம்தான். பரவாயில்லை.

அடுத்தது யானை. சூரியநெல்லியை ஒட்டியதுதான் சின்னக்கானல். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்து உடைத்தே பெயர் வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் மாதம் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது அங்கேதான். வேறு காட்டில் கொண்டுபோய் விட்டும், அடுத்த மாதமே அது கம்பம் ஊருக்குள் நடந்து வந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதை மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், சரி. மற்ற யானைகள் எங்கே போகும்? வயநாடு மேப்பாடியில் 2021 ஜனவரியில் டென்ட்டில் தங்கப் போன ஒரு பெண்ணை யானை கொன்றது. எங்கள் கேம்பைச் சுற்றிச் சோலார் வேலி இல்லை, அகழி இல்லை, இரவுக் காவலுக்கு ஆளும் இல்லை. கேட்டதற்கு, "இந்தப் பக்கம் வராதுக்கா" என்றான். காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காய்ந்த யானைச் சாணம் கிடந்தது. மகன்தான் முதலில் பார்த்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

விடியற்காலை நாலரைக்கு 2,500 ரூபாய் ஜீப்பில் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எலும்பைக் குலுக்கி எடுக்கிற பாதை. சிங்கப்பாறை பக்கம் நின்றபோது மழை விட்டு, கீழே தமிழ்நாட்டுப் பக்கம் முழுக்க வெள்ளை மேகம், அதன் விளிம்பில் சிவப்புக் கோடு. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். படத்தில் பார்த்த இடம் இதுதான், அங்கே ஒரு டென்ட்கூட இல்லை.

ஊருக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் பேசியவனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வெதர் எங்க கையில இல்ல சிஸ்டர்" என்றான். நான் மழைக்கா காசு கேட்டேன்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். விளம்பரத்தை அவன் அழித்துவிட்டான், ஆனால் 'எல்லாம் சேர்த்துதான்' வாய்ஸ் நோட் என்னிடம் இருந்தது. மூன்றாவது வாரம் ஜீப் காசு 2,500 மட்டும் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப்போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், மதுரையிலிருந்து இடுக்கிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதனால் போஸ்டர், வாய்ஸ் நோட், ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் அட்வான்ஸ் போடும் முன் அந்த இடத்தில் நின்று வீடியோ காலில் டென்ட்டையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். லைவ் லொகேஷன் கேளுங்கள். வேலி இருக்கிறதா, மழை பெய்தால் ஒதுங்கக் கூரை போட்ட அறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் அந்த மலையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கேள்விக்கெல்லாம் சலித்துக்கொள்ள மாட்டார்கள். மகள் இப்போதே அரைப் பரீட்சை லீவுக்கு மறுபடி டென்ட் என்கிறாள்.

போன வாரம் அதே ஆரஞ்சு டென்ட், அதே எவர்சில்வர் டம்ளர் இன்ஸ்டாகிராமில் இன்னொரு பக்கத்தில் வந்தது. இந்த முறை 'வட்டவடை கேம்பிங், கடைசி 2 டென்ட்'. வேறு பெயர், வேறு எண். லைவ் லொகேஷன் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நீலக் குறி விழுந்து ஆறு நாளாகிறது.