அரியமான் மணலில் எட்டு மாதம்: 56 டிகிரி சாண்ட் வெட்ஜ்

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 11 வருடம் பங்கர் (பந்தைச் சிக்கவைக்கும் மணல்குழி) மணல் வாரியவன் நான். ஊருக்கு வந்ததும் ஒரே ஒரு மட்டை சொந்தமாக வேண்டும் என்று தோன்றியது, அதுவும் மணலிலிருந்து பந்தைத் தூக்கும் சாண்ட் வெட்ஜ்தான் வேண்டும் என்று தேடி, இணையத்தில் பழையதாக 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். முகத்தின் சாய்வு 56 டிகிரி, பவுன்ஸ் (முன்விளிம்பைவிட அடிப்பாகம் தாழ்ந்திருக்கும் கோணம்) 12. கைப்பிடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. மாற்ற 450 ஆனது. தலைப்பகுதியில் குறையே இல்லை.

காலை ஆறு மணிக்கு ராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பு ஓரம் அடிப்பேன், பந்து கடலுக்குள் போகாதபடி கரையோடு கரையாக. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் அடிக்க வேண்டும், பந்தில் அல்ல. சாதாரண அயர்ன் மட்டை மண்வெட்டி மாதிரி உள்ளே புதைந்து நின்றுவிடும். இதன் அடிப்பாகம் தடித்து, பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் முன்விளிம்பு புதையாது. மூக்குத் தூக்கிய வள்ளம் கரை மணலில் வழுக்கி ஏறுமே, அப்படித்தான்.

அந்தத் தடித்த அடிப்பாகத்துக்குக் காரணம் அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன். இத்தாலியக் குடும்பத்துத் தச்சர் மகன், சிறுவயதில் கேடியாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்தவர், 20 வயதில் 1922 யு.எஸ். ஓபன் வென்றார். 1923-க்குப் பிறகு பல வருடம் பெரிய பட்டம் எதுவும் இல்லை, பங்கரில் அடி வீணாவது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. விமானத்தின் வால் தாழ்ந்தால் மூக்கு எழுவதைப் பார்த்து யோசனை வந்தது என்பார். நிப்ளிக் என்ற பழைய சாய்வு மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, ராவி, அடித்துப் பார்த்து, மறுபடி ராவி உருவாக்கினார். அதோடு 1932-ல் பிரிட்டிஷ் ஓபன், அதே வருடம் யு.எஸ். ஓபன். 1935 மாஸ்டர்ஸ் போட்டியில் 235 கஜத்திலிருந்து இரண்டாவது அடியிலேயே குழிக்குள் போட்டார், கோல்ஃபின் நான்கு பெரிய பட்டங்களும் வென்ற முதல் ஆள் ஆனார். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்கு 1973 தான் பிடிக்கும்: 71 வயதில் ஸ்காட்லாந்தின் ட்ரூன் மைதானத்தில் எட்டாவது குழியில் முதல் நாள் ஒரே அடியில் பந்து உள்ளே, மறுநாள் அதே இடத்தில் பங்கரில் விழுந்த பந்தை மணலிலிருந்தே நேராகக் குழிக்குள் இறக்கினார்.

சரி, குறை சொல்ல வேண்டுமென்றால், அலை நனைத்த இறுகிய மணலில் இது உதவாது. அடி துள்ளிப் பந்தின் வயிற்றில் பட்டு எங்கோ பறக்கிறது. அதற்குப் பவுன்ஸ் 8-க்குள் இருப்பது நல்லது. அப்புறம் உப்புக்காற்று. மூன்றாம் வாரமே மட்டை முகத்துக் கோடுகளில் துரு பிடித்தது, இப்போது அடித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறேன். நம் கரையில் வாங்குகிறவர்கள் குரோம் பூச்சு உரியாததாகப் பார்த்து வாங்குங்கள், பூச்சே இல்லாத பச்சை இரும்பு வேண்டவே வேண்டாம்.