பட்டாளத்து ஆட்களுக்காகக் கவுன்சலிங் படித்தேன்: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படித்த கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. குறை நிறைய இருக்கிறது, நல்லதும் இருக்கிறது, பெயர் இல்லாமல் இருந்தால்தான் இரண்டையும் தாராளமாகச் சொல்ல முடியும். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி, சனி ஞாயிறு வகுப்பு, கவுன்சலிங் மாஸ்டர்ஸ். இரண்டரை வருஷத்தில் முடிந்துவிடும் என்றார்கள், எனக்கு மூன்று வருஷமும் நான்கு மாதமும் ஆனது. கட்டணம், புத்தகம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 30,000 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது.

பகலில் எனக்குக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, கிளெய்ம் பார்ப்பது. நாற்பது வயதுக்கு மேல் இந்த வம்பு எதற்கு என்று அம்மாவில் தொடங்கி எல்லோரும் கேட்டார்கள். காரணம் அப்பாதான். 1971-ல் பட்டாளத்தில் சேர்ந்து 1985-ல் வெளியே வந்தவர், அதில் பாதிக் காலம் கிரிக், குரோ பக்கம் தாய்லாந்து எல்லைக் காட்டில். 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்டுகளோடு நடந்த அவசரகாலச் சண்டையைப் பள்ளியில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஆனால் 1968-ல் மறுபடி தொடங்கி, 1989 டிசம்பர் 2-ஆம் தேதி தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இழுத்துக்கொண்டே போன இரண்டாவது சண்டையைப் பற்றி வீட்டில் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். அப்பா அந்த இரண்டாவதில் இருந்தவர்.

செந்தூலில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு திடல். குறுக்கே நடந்தால் கடைக்கு இரண்டு நிமிஷம். அப்பா ஒரு நாளும் குறுக்கே நடந்ததில்லை, தார் ரோட்டைப் பிடித்துச் சுற்றித்தான் போவார். நாங்கள் கேலி பண்ணுவோம். அவர் போய் ஒரு வருஷம் கழித்துத் திவசத்துக்கு வந்திருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர்தான், ஜெராங்காப் சமார் என்று அவர்கள் சொல்லும் மறைவெடியைப் பற்றியும், இலைக்கும் புல்லுக்கும் அடியில் அது எப்படிக் காத்துக் கிடக்கும் என்பதைப் பற்றியும், முன்னால் போனவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடக்கப் பழகியதைப் பற்றியும் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் கல்லூரிக்குப் போன் போட்டேன்.

போனில் பேசிய மார்க்கெட்டிங் பெண் ரொம்பத் தன்மையாகப் பேசினார். "முடிச்ச கையோட நீங்களே சொந்தமா சென்டர் தொறக்கலாம் மேடம்" என்றார். இது தப்பு. யாராவது உங்களிடமும் இப்படிச் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். இங்கே 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டம், அதாவது சட்டம் 580 இருக்கிறது. லெம்பாகா கவுன்சலர் என்கிற கவுன்சலர் வாரியத்தில் பதிந்து, அதற்கு மேல் பெராகுவான் அமாலான் என்கிற தொழில் சான்றிதழும் கையில் இருந்தால்தான் கவுன்சலர் என்று போர்டு மாட்டலாம். அந்தச் சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். நீங்கள் சேரப் போகிற படிப்பு லெம்பாகாவின் அங்கீகாரம் பெற்றதா என்று கல்லூரிக்காரர்களைக் கேட்காதீர்கள், லெம்பாகாவையே கேளுங்கள். என் படிப்புக்கு அங்கீகாரம் இருந்தது, அந்த மட்டில் தப்பித்தேன். வேறு இடத்தில் பெயர் மட்டும் அழகாக இருந்த ஏதோ சைக்காலஜி டிப்ளோமாவுக்குக் காசைக் கொட்டிவிட்டு, அதை வைத்துக்கொண்டு எங்கும் பதிய முடியாமல் எங்கள் வகுப்பில் முதலிலிருந்து தொடங்கியவர்கள் இரண்டு பேர்.

சரி, படிப்பு எப்படி? முதல் வருஷம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒருவர் பேசுவதைக் கேட்பது எப்படி என்பதை மட்டுமே மாதக் கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள், வகுப்புத் தோழர்களோடு பேசிப் பதிவு செய்து கொண்டுவர வேண்டும். என் முதல் பதிவை வாத்தியார் ஓடவிட்டு, இருபது நிமிஷத்தில் நான் கேட்ட கேள்விகளை எண்ணினார். 31. "கிளெய்ம் பாரம் நிரப்புற மாதிரியே கேக்குறீங்க" என்றார். வகுப்பே சிரித்தது, நானும்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாம் வருஷத்தில்தான் வண்டி தடம் மாறியது. நான் சேர்ந்ததே அதிர்ச்சி பாதிப்புப் பாடத்துக்காக. கையேட்டில் அது விருப்பப் பாடம் என்று அச்சாகியிருந்தது. நான்கு பேர்தான் பதிந்தோம், ஆள் போதவில்லை என்று நடத்தவில்லை. மின்னஞ்சல் எழுதினேன், பதில் வந்தது, அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் வேறு ஒரு பாடத்துக்குள்ளே இரண்டு வாரம் அதைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த இரண்டு வாரமும் முழுக்க அமெரிக்கப் புத்தகம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, இந்தத் துறையின் பெரும்பகுதி அங்கேதான் வளர்ந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடிய பிறகுதான் 1980-ல் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு என்ற பெயரே அங்கத்திய மருத்துவக் கையேட்டில் ஏறியது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 1979-ல், முன்னாள் படைவீரர்களுக்காக வெட் சென்டர் என்று ஆஸ்பத்திரிக்கு வெளியே, கடைத்தெருவில் இருக்கிற மாதிரி சின்னச் சின்ன இடங்களைத் திறந்து, அங்கே பட்டாளத்தில் இருந்தவர்களையே ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவன் கடைத்தெருவுக்கு வருவான் என்பது எளிய கணக்கு. இது எனக்குப் பின்னால் ரொம்பக் கைகொடுத்தது.

ஆனால் ஒரு வகுப்பில் 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் மாட்டிக்கொண்ட ஓர் அமெரிக்கச் சிப்பாயைப் பற்றிப் பேசினோம், ஒரு மணி நேரம். அன்று இரவு அவர்களை மீட்கப் போன கவச வண்டிகளில் நம் மலேசியப் பட்டாளமும் இருந்தது, நம்மில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை என்று நான் கையைத் தூக்கிச் சொன்னபோது, வகுப்பில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. வாத்தியாருக்கும்.

இன்னொன்று மொழி. பயிற்சிப் பேச்செல்லாம் இங்கிலீஷ். எங்களிடம் வரப்போகிற ஆள் மலாயில் ஆரம்பித்து, நடுவில் தமிழுக்கு வந்து, அழுகை வந்ததும் ஒன்றும் பேசாமல் இருக்கிற ஆள். அதற்கு ஒரு மணி நேரப் பயிற்சிகூட இல்லை.

பிராக்டிகம் என்கிற நேரடிப் பயிற்சிக்கு இடம் கல்லூரி பார்த்துத் தரும் என்றார்கள். தந்தார்கள், மாணவர்களுக்குத் தேர்வுப் பயத்தைப் போக்குகிற இடம். எனக்குப் பட்டாளத்து ஆட்கள்தான் வேண்டும் என்றதும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். அப்பாவின் சிநேகிதரைப் பிடித்து, முன்னாள் படைவீரர் சங்கக் கிளை ஒன்றில் மாதக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மலாயில் "கவுன்சலிங்" என்று எழுதி ஒட்டிய தாள். இரண்டு கூட்டம் ஒருத்தரும் வரவில்லை. மூன்றாவது முறை தாளைக் கிழித்துவிட்டு, "பாரம் நிரப்பித் தரப்படும்" என்று எழுதினேன். வரிசை நின்றது!

வந்ததெல்லாம் படைவீரர் விவகாரத் துறைக்கு எழுத வேண்டிய கடிதம், உதவித்தொகை விண்ணப்பம், பிள்ளையின் படிப்பு விவகாரம். சாதாரணச் சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 21 வருஷ சேவை வேண்டும். என் அப்பா மாதிரி அதற்கு முன்னாலேயே வெளியே வந்து, ஜாலான் ஈப்போ பக்கம் ஏதாவது தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக உட்கார்ந்தவர்கள்தான் வரிசையில் பாதி. கிளெய்ம் மேசையில் பதினைந்து வருஷம் உட்கார்ந்த என் புத்தி இங்கேதான் உதவியது, மாஸ்டர்ஸ் இல்லை. பாரத்தில் "உடல்நலம்" என்ற கட்டத்துக்கு வரும்போது பேச்சு தானாக நிற்கும். காதில் இரைச்சல் என்பார் ஒருவர். தூக்கம் இல்லை என்பார் இன்னொருவர். மன அழுத்தம் என்று யாரும் சொல்லவே மாட்டார்கள், "மனசுக்கு ஒண்ணும் இல்ல மிஸ், ராத்திரில படம் ஓடும், அவ்ளோதான்" என்பார்கள்.

பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்க பிசிஎல்-5 என்று 20 கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதில் முதல் கேள்வி, நடந்தது வேண்டாமல் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறதா என்பது. ஓர் அங்கிளிடம், அடையாளம் தெரியாதபடி வேறெதையும் சொல்லவில்லை, அதைத் தமிழில் கேட்டேன். கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்தார். "மறந்தாத்தானம்மா ஞாபகம் வர்றதுக்கு" என்றார். எந்த எண்ணைப் போடுவது? பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து அவர். அன்று இரவு அழுதுகொண்டே போன் செய்தேன். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை, "அவருக்காக அழுதியா, அப்பாவுக்காகவா?" என்று கேட்டார். அடுத்த மூன்று வாரம் அங்கிளைப் பற்றிப் பேசாமல் என்னைப் பற்றியே பேசினோம். குடும்பத்தில் இப்படி ஒரு கதை இருப்பவர்கள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தாங்களே ஒரு கவுன்சலரிடம் உட்கார வேண்டும் என்பார். கல்லூரி இதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும், ஆக்கவில்லை.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கவுன்சலர் மருந்து எழுத முடியாது. 12 அமர்வில் முடிகிற சிகிச்சை முறைகளைப் புத்தகத்தில் படித்துவிட்டு, தகுந்த பயிற்சி இல்லாமல் ஒருவரின் காட்டுக்குள்ளே அவரைத் திருப்பி அழைத்துப் போகவும் கூடாது. அதனால் என் வேலையில் பாதி, கூட்டிப்போய் விடுவது. அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நிபுணர் என்றால் 5 வெள்ளி, சுகாதார அமைச்சின் மெந்தாரி மனநல மையங்கள் இருக்கின்றன என்று சொன்னால், ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துப் பயந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பேச யாரும் இல்லாத நேரத்துக்கு ஹீல் 15555 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணை மலாயிலும் தமிழிலும் சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வைக்கச் சொல்வேன். உயிரை விடத் தோன்றியது என்று வாய் திறந்தாலே போலீஸ் வரும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை 2023-ல் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லச் சொல்ல ஒருத்தர் முகம் மாறியதைப் பார்த்தேன், அதற்கு அடுத்த மாதம்தான் அவர் பேசவே ஆரம்பித்தார்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2006-ல் சட்டம் போட்டுப் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் ஆலோசகர்களையும் சேர்த்துக்கொள்ள வழி செய்தார்கள், அங்கே இது ஒரு தனிப் பாதை. புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படியொரு கதவு இருக்கும் என்று நினைத்தேன். நான் தேடிய வரையில் "முன்னாள் படைவீரர் கவுன்சலர்" என்று ஒரு விளம்பரமும் கண்ணில் படவில்லை. அரசாங்கத்தில் பெகாவாய் சைக்காலஜி, அதாவது உளவியல் அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம், எங்கே போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. நான் பதிந்துவிட்டேன், சான்றிதழும் வாங்கிவிட்டேன், திங்கள் முதல் வெள்ளி வரை இன்னமும் கிளெய்ம்தான் பார்க்கிறேன். சங்க மண்டபத்து மேசை மாதம் ஒரு சனிக்கிழமை, காசில்லாமல். வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. முதல் வருஷத்துக்கும் சூப்பர்வைசருக்கும் ஐந்து, நடத்தாத அந்தப் பாடத்துக்கும் பிராக்டிகத்தில் கைவிட்டதற்கும் இரண்டு, அந்த மார்க்கெட்டிங் போன் காலுக்குப் பூஜ்ஜியம். பட்டாளத்து ஆட்களோடுதான் வேலை செய்யப் போகிறேன் என்ற தீர்மானம் இருந்தால், சேருவதற்கு முன்னாலேயே ஒரு சங்கக் கிளையில் மூன்று மாதம் பாரம் நிரப்பிப் பாருங்கள், செலவே இல்லை. அங்கே உட்கார முடிந்தால் அப்புறம் கட்டணத்தைக் கட்டுங்கள்.

வகுப்புக்கு எல்ஆர்டியில் போவது நல்லது, சனிக்கிழமை அங்கே பார்க்கிங்குக்கு மட்டும் 12 வெள்ளி பிடுங்கினார்கள். கீழே நாசி லெமாக் விற்கிற அக்கா பதினோரு மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுவார், முதல் இடைவேளையிலேயே இறங்கி வாங்கிவிடுங்கள்.